புது ரிங்க்கில் இன்லைன் ஹாக்கி லீக், நாற்பது வயதில் சேரலாமா?

அடையாறு மணி:

வணக்கம். அமெரிக்கா, கனடா பக்கம் இன்லைன் ஹாக்கி (ஒற்றை வரிசைச் சக்கர ஸ்கேட் போட்டு ஆடுவது) ஆடுபவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் இருப்பது சான் ஹோஸேயில். வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய குடோனை எடுத்து உள்ளே ரோலர் ரிங்க் போட்டிருக்கிறார்கள். சுற்றுப் பலகை, கண்ணாடி, ஸ்கோர்போர்டு எல்லாம் மாட்டியாகிவிட்டது, அடுத்த மாதம் பெரியவர்களுக்கான முதல் லீக் என்று வாசலில் பேனர் தொங்குகிறது. திறமைப்படி பி, சி, டி என்று மூன்று பிரிவு, டி தான் கடைசி. டீம் இல்லாதவர்கள் தனி ஆளாகவும் பெயர் கொடுக்கலாம், அவர்களே ஏதாவது ஒரு டீமில் சேர்த்துவிடுவார்களாம்.

என்னைப் பற்றிச் சொன்னால், நாற்பதை நெருங்குகிறேன். சின்ன வயதில் சென்னையில் ஸ்கேட்டிங் கிளாஸ் போனேன், நாலு சக்கரமும் இரண்டிரண்டாக இருக்கும், முன்னால் ரப்பர் ஸ்டாப்பர் வைத்த பழைய மாடல். காலேஜில் புல்தரை ஹாக்கி கொஞ்சம் ஆடியிருக்கிறேன், பெரும்பாலும் பெஞ்சில்தான். இங்கே வந்த பிறகு மகளுக்கு இன்லைன் ஸ்கேட் வாங்கும்போது எனக்கும் ஒரு ஜோடி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் ஓட்டுகிறேன். முன்னால் போவேன், பின்னால் போவேன், விழமாட்டேன். வேகமாகப் போய்ச் சட்டென்று நிற்கச் சொன்னால்தான் தகராறு.

இப்போது கேள்வி. நான் டி பிரிவில் பெயர் கொடுக்கலாமா, இல்லை மானம் போகுமா? பார்க்கிங் லாட்டில் ஓட்டும் அதே ஸ்கேட் உள்ளே சரிப்படுமா, தரை ஏதோ பிளாஸ்டிக் டைல் மாதிரி இருக்கிறது. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்? வீட்டில் "எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது" என்று ஒரு கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது, அதற்கும் யாராவது பதில் வைத்திருந்தால் சொல்லுங்கள்.

பழைய பக்:

சேருங்கள் மணி. நானும் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிதான், வேறு ரிங்க்கில் ரொம்ப வருஷமாக ஆடுகிறேன். புது இடத்தின் முதல் சீசன் மாதிரி நல்ல நேரம் அப்புறம் கிடைக்காது. பழைய ரிங்க்குகளில் ஒவ்வொரு டீமும் வருஷக்கணக்காகச் சேர்ந்தே ஆடுகிற கூட்டம், யாராவது முட்டி போய் உட்கார்ந்தால் அல்லது டெக்சாஸுக்கு வேலை மாறினால்தான் ஒரு இடம் காலியாகும், அதுவும் வாய்வழியாகவே நிரம்பிவிடும். புது ரிங்க்கில் தனி ஆட்களை வைத்துத்தான் பாதி டீமையே கட்டுவார்கள். அவர்களுக்கு உங்கள் தேவை இருக்கிறது.

ஆனால் பி, சி, டி என்கிற எழுத்தை இந்த முதல் சீசனில் நம்பாதீர்கள். யார் எப்படி ஆடுவார் என்று ரிங்க்காரருக்கே தெரியாது, ஃபார்மில் நீங்களே எழுதிக்கொடுப்பதுதான். இருபது வருஷம் ஐஸ் ஹாக்கி ஆடியவன் "எனக்கு ரோலர் புதுசு" என்று டி பிரிவில் வந்து நிற்பான், சட்டப்படி பொய்யும் இல்லை, ஆனால் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டுவிட்டுப் போவான். கோப்பைக்காகவே கீழ்ப் பிரிவில் பதுங்குகிற ஆட்களும் உண்டு, அந்த ஜாதியை எந்த ரிங்க்கிலும் ஒழிக்க முடியாது. ஒழுங்கான ரிங்க் என்றால் இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு ஆட்களை மேலே கீழே நகர்த்தும். அதைச் செய்வீர்களா என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வீல் விஷயம். பார்க்கிங் லாட் வீல் 82ஏ, 84ஏ, 85ஏ என்று இருக்கும், சக்கரத்தின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பாருங்கள். எண் கூடக் கூடச் சக்கரம் கெட்டி. கெட்டி வீல் தாரில் சீக்கிரம் தேயாது, அதற்காகத்தான் அது. அதையே மாட்டிக்கொண்டு டைலில் இறங்கினால் முதல் திருப்பத்தில் கால் தனியாகப் போகும். உள்ளே 74ஏ அல்லது 76ஏ. ஒல்லியான ஆள் என்றால் 74, சராசரி என்றால் 76, தொண்ணூறு கிலோ தாண்டினால் 78 கூடப் போடலாம், இல்லையென்றால் சக்கரம் நசுங்கி வேகமே வராது. பேரிங் புதிதாக வாங்க வேண்டாம். பெரும்பாலும் எல்லாவற்றிலும் 608 அளவுதான், ஒரு வீலுக்கு இரண்டு, ஆக மொத்தம் பதினாறு. பழைய வீலிலிருந்து நெம்பி எடுத்துப் புதியதில் அழுத்திவிடலாம். ஏபெக் என்று பேரிங்கின் துல்லிய எண்ணைக் காட்டி விலையை ஏற்றுவார்கள், டி பிரிவில் ஏபெக் 5-க்கும் 9-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்களிடம் இருப்பது உடற்பயிற்சிக்கான ஸ்கேட் என்று நினைக்கிறேன், பின்னால் ரப்பர் பிரேக் இருக்கிறதா? இருந்தால் கழற்ற வேண்டியிருக்கும். அந்த பூட்டில் முதல் சில வாரம் ஓட்டலாம், ஆனால் துணி மாதிரி மெத்தென்று இருக்கும் பூட்டில் பக் (பந்துக்குப் பதில் அடிக்கும் வட்டத் தட்டு) கணுக்கால் எலும்பில் வந்து பட்டால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. லீக் பிடித்துப்போனால் ஹாக்கி பூட் வாங்குங்கள். அதில் பலவற்றில் முன்னால் இரண்டு சின்ன வீல், பின்னால் இரண்டு பெரிய வீல் இருக்கும், ஹை-லோ என்பார்கள், 76-ம் 80-ம் மில்லிமீட்டர். எடை முன்பக்கம் சாயும், கிளம்பும்போது அது உதவும்.

ஒரு கொசுறு. நம் சான் ஹோஸேக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 90களில் ரோலர் ஹாக்கி இன்டர்நேஷனல் என்று காசு கொடுத்து ஆடவைத்த லீக்கே இருந்தது, 1993-இல் தொடங்கி 1999-இல் மூடினார்கள். 1995-இல் கோப்பை அடித்தது சான் ஹோஸே ரைனோஸ். இன்றைக்கும் ரிங்க்கில் தலை நரைத்த ஒருவர் அந்த ஜெர்சியோடு வந்தால் மரியாதையாகப் பக்கைக் கொடுங்கள், பெரும்பாலும் அவர்தான் அங்கே நன்றாக ஆடுகிறவர்.

வெட்டி ஆபீசர்:

வளைகுடாப் பகுதியில் தடுக்கி விழுந்தால் கிரிக்கெட் லீக். பேட்டைத் தூக்கிக்கொண்டு போனால் சமோசாவும் கிடைக்கும். எதற்கு சார் இந்த வம்பு?

பழைய பக்:

@வெட்டி ஆபீசர், நாள் முழுக்க வெயிலில் ஃபைன் லெக்கில் நின்று ஒரு பந்து பிடிப்பதற்கு ஒரு மணி நேரத்தில் சட்டை பிழிந்து வீட்டுக்குப் போவது மேல். சமோசா நாங்களும் சாப்பிடுவோம்.

ஸ்காபரோ சிவா:

தம்பி மணி, நான் ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறு. குளிர்காலம் முழுக்க அரீனாவில் ஐஸ். கோடை வந்தால் சில அரீனாக்களில் ஐஸை எடுத்துவிடுவார்கள், அடியில் வெறும் கொங்கிறீற், அதிலேதான் எங்கள் இன்லைன் ஹொக்கி. பிளாஸ்டிக் தரை எல்லா இடத்திலும் கிடைக்காது. கொங்கிறீற்றிலும் இரண்டு வகை உண்டு. வழவழப்பாகப் பூசினது என்றால் மென்மையான சில்லு (வீல்) வேணும், இல்லையோ சறுக்கும். சொரசொரப்பு என்றால் கெட்டிச் சில்லு, இல்லையோ ஒரு கோடைக்கே கரைந்துவிடும். ஆகவே நண்பர் சொன்ன 76 என்ற கணக்கு உங்கள் டைலுக்கு மட்டும், வேறு இடத்துக்கு ஆடப் போனால் தரையைக் காலால் உரசிப் பார்த்துவிட்டுச் சில்லைத் தெரிவு செய்யுங்கள். எங்கள் பெடியளின் பையில் இரண்டு செற் எப்பவும் கிடக்கும்.

நான் இங்கே வந்தபோது ஹொக்கி என்றால் தெருவில் பிள்ளைகள் ரெனிஸ் பந்தை வைத்து அடிப்பதுதான். கார் வந்தால் "கார்!" என்று கத்திக்கொண்டு நெற்றைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள், கார் போனதும் திரும்ப நடுவில். என் மகன் அப்படித்தான் பழகினான், பிறகு ஐஸ் கேட்டான். ஐஸுக்கு ஒரு பிள்ளையை அனுப்புகிற செலவு உங்களுக்குத் தெரியாது, விடிய ஐந்து மணிக்கு அரீனா வாசலில் நிற்கவும் வேணும். ரோலர் மலிவு. உடுப்பும் குறைவு, தோளுக்குக் கவசம் கன பேர் போடுவதில்லை, ஏனென்றால் உடம்பால் மோதித் தள்ளுவது தடை. அதை நம்பித்தான் நானும் ஐம்பதுக்கு அருகில் இறங்கினேன்.

சில்லை வைத்துப் பழகினவன் ஹொக்கியில் உருப்படமாட்டான் என்று யாராவது சொன்னால் ஜோ மல்லனைக் காட்டுங்கள். நியூயோர்க் ஹெல்ஸ் கிச்சன் தெருக்களில் ரோலர் ஸ்கேட்டில் ஆடி வளர்ந்தவர், பக்குக்குப் பதில் வயருக்குச் சுற்றும் மின்சார ரேப் (டேப்) சுருளை வைத்து ஆடினார்களாம். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 502 கோல் போட்டார்.

மற்றது, சரியான வெக்கை. ஐஸ் அரீனாவில் குளிருக்குள் ஆடுகிறவர்களுக்கு இது விளங்காது. கோடையில் குடோனுக்குள் தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு போங்கள். வேர்வை தரையில் சொட்டினால் அந்த இடம் வழுக்கும், ஒரு துவாய் பெஞ்சில் இருக்கட்டும்.

செல்வி சக்கரம்:

பழைய பக் அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நேராக லீக்கில் போய்ச் சேருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நான் தெற்கு கலிஃபோர்னியா, பெரிய பெண்ணுக்கு எட்டு வயது ஆன பிறகுதான் ஸ்டிக்கையே தொட்டேன். நிற்கத் தெரியாத ஒருவர் ஆட்டத்தில் இருந்தால் அடிபடுவது பெரும்பாலும் அவர் இல்லை, எதிரே வருகிறவர்தான். டி பிரிவில் உடம்பால் மோதக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் பிரேக் பிடிக்காத எண்பது கிலோவுக்கு விதி தெரியாது.

மணி சார், அடுத்த மாதம் என்றால் நேரம் இருக்கிறது. முதலில் ஸ்டிக் டைம், டிராப்-இன் (லீக்கில் சேராமலே வந்து ஆடுகிற ஆட்டம்) என்று அந்த ரிங்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டிக் டைம் என்றால் ஆட்டம் கிடையாது, அவரவர் பக்கை வைத்துக்கொண்டு அவரவர் ஓட்டலாம், பத்துப் பதினைந்து டாலரில் முடியும். அங்கே போய் நிற்பதை மட்டும் பழகுங்கள். உங்கள் பழைய நாலு சக்கரத்தில் கால்விரலை ஊன்றினால் ஸ்டாப்பர் பிடிக்கும், அந்தப் பழக்கம் காலில் மிச்சம் இருந்தால் ரொம்ப ஆபத்து. ஹாக்கி ஸ்கேட்டில் முன்னால் ஒன்றும் இல்லை, விரலை ஊன்றினால் நேராக முகம்தான். பனியில் பிளேடு சுரண்டி நிற்கிற மாதிரி வீல் சுரண்டாது. டைலில் நாங்கள் பெரும்பாலும் நிற்பதே இல்லை, வளைந்து திரும்பி வேகத்தைக் கொல்லுகிறோம். அதனால் முதலில் குறுகிய வட்டம். உள்கால் முன்னால், வெளிக்கால் பின்னால், இரண்டு முட்டியும் மடங்கி, தலையும் தோளும் போக வேண்டிய திசைக்கு முன்கூட்டியே திரும்பியிருக்க வேண்டும். தரையில் இருக்கும் ஃபேஸ்-ஆஃப் வட்டத்தை (பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்குகிற இடம்) இரண்டு பக்கமும் சுற்றுங்கள், அப்புறம் அதன் பாதி அளவு. பலருக்கு இடது பக்கம் சுலபமாக வரும், வலது பக்கம் வரவே வராது, அந்த வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். அது வந்த பிறகு பின்காலை அகலமாகப் பக்கவாட்டில் தள்ளிச் சறுக்கவிடுவது, அப்போது ஒரு கரகர சத்தம் வரும், வீலின் உள்விளிம்பு தேய்கிற சத்தம். அது வந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

வீல் ஒரு பக்கமாகத் தேயும், அதனால் இரண்டு மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை கழற்றித் திருப்பி மாட்டுங்கள், ஒன்றாவது மூன்றாவதோடு, இரண்டாவது நான்காவதோடு, தேய்ந்த விளிம்பு வெளியே வருகிற மாதிரி. ஹை-லோ வாங்கினால் அளவு மாறுமே, அப்போது ஒரே அளவுள்ளதற்குள் மாற்றினால் போதும்.

புது ரிங்க் என்பதால் தரையைப் பாருங்கள். கட்டட வேலை இப்போதுதான் முடிந்திருக்கும், சிமென்ட் தூள் எத்தனை முறை துடைத்தாலும் மேலேயிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தூசி படிந்த டைலில் 74ஏ போட்டாலும் பிடிக்காது. உங்கள் வீலைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி கறுப்பானால் ரிங்க்காரர் தரையை ஒழுங்காகக் கழுவவில்லை. அந்த டைல் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக் கிடப்பது, தரையோடு ஒட்டியிருக்காது. வெயிலில் பிளாஸ்டிக் விரியும், அதற்குப் பலகை ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். விடாவிட்டால் மதியத்தில் நடுவில் மேடு தட்டும். எங்கள் பக்கம் ஒரு ரிங்க்கில் அப்படி மேடு தட்டி, பக் அந்த இடத்துக்கு வந்தாலே எழும்பி நிற்கும், கடைசியில் ஓரத்து டைலை அறுத்துச் சரி செய்தார்கள். பலகை ஓரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பெண்களுக்குத் தனியாக உடை மாற்றும் அறை இருக்கிறதா என்றும் யாராவது கேளுங்கள், புதிதாகக் கட்டும்போதே கேட்டால்தான் வரும். அப்புறம் உங்கள் வீட்டுக் கேள்விக்கு: பெரும்பாலான லீக்கில் யுஎஸ்ஏ ஹாக்கி இன்லைன் அல்லது ஏஏயு என்கிற விளையாட்டு அமைப்பில் உறுப்பினர் ஆகச் சொல்வார்கள், வருஷச் சந்தா, அதோடு ஒரு காப்பீடு வரும். அது உங்கள் மருத்துவக் காப்பீட்டுக்கு மேலே வருவதுதான், அதற்குப் பதிலாக இல்லை. அதனால் உங்கள் கழிவுத் தொகை (டிடக்டிபிள், காப்பீடு கொடுப்பதற்கு முன் நீங்களே கட்ட வேண்டியது) எவ்வளவு என்று பார்த்துவிட்டு வீட்டில் பதில் சொல்லுங்கள்.

அடையாறு மணி:

எல்லோருக்கும் நன்றி. சிவா அண்ணா, செல்வி அக்கா, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று 76ஏ வீல் மாட்டிக்கொண்டு ஸ்டிக் டைம் போனேன். தரை வித்தியாசம் முதல் அடியிலேயே தெரிந்தது, பார்க்கிங் லாட்டில் உள்ளங்கால் அதிர்ந்துகொண்டே இருக்கும், இங்கே டைல் இடுக்கில் தட்-தட் என்று ஒரு சத்தம் மட்டும்தான். வீலைத் துணியால் துடைத்தேன், துணி சாம்பல் நிறம். கவுண்டரில் சொன்னதும் "திங்கள்கிழமை மெஷின் வருகிறது" என்றார்கள். ஆட்களை மேலே கீழே நகர்த்துவீர்களா என்றும் கேட்டேன், மூன்றாவது வாரம் முடிந்ததும் செய்வோம் என்று எழுத்திலேயே காட்டினார்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஆட்டம் எப்படி ஓடும்? எனக்குத் தெரிந்தது புல்தரை ஹாக்கியும் டிவியில் பார்த்த எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி டீம் ஷார்க்ஸும்தான். இரண்டு, கடன் வாங்கிய ஸ்டிக்கில் ஆடினேன், அது இடது கை ஸ்டிக்காம், கையே வசப்படவில்லை. எனக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பிக்கூண்டு:

கீப்பர் பேசுகிறேன். ஆட்டத்தை முழுசாகப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான், அதனால் முதல் கேள்வியை எனக்குக் கொடுங்கள்.

பனியில் கீப்பரோடு ஆறு பேர், இங்கே ஐந்து. ஒரு ஆள் குறைவதால் இடம் ஏராளம். பெரும்பாலான ரோலர் லீக்கில் ஆஃப்சைடு (பக்குக்கு முன்னால் எதிரி பகுதிக்குள் போகக்கூடாது என்ற விதி) கிடையாது, ஐசிங் (தன் பாதியிலிருந்து பக்கை எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் அடித்துவிடக்கூடாது என்ற விதி) கிடையாது. டிவியில் பார்க்கிற மாதிரி பக்கைத் தூக்கி எதிரி மூலையில் அடித்துவிட்டுப் பின்னால் ஓடினால் உங்கள் டீமே உங்களை முறைக்கும், ஏனென்றால் அடித்த நிமிஷமே பக் எதிரியுடையது. இங்கே பக்கை வைத்திருப்பவன் ராஜா. வழி இல்லையா, பின்னால் திரும்பி உங்கள் டிஃபென்ஸிடம் கொடுங்கள், அவர் என் பின்னால் சுற்றி வந்து மறுபடி தொடங்குவார். புதிதாக வருகிறவர்கள் பின்னால் கொடுப்பதைக் கோழைத்தனம் என்று நினைத்து மூன்று பேருக்கு நடுவில் புகுந்து தொலைக்கிறார்கள், அப்புறம் ஆஃப்சைடு இல்லாத எதிரி ஒருவன் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருப்பான், அவனுக்கு ஒரு நீளப் பாஸ், அப்புறம் அவனும் நானும் மட்டும். தயவுசெய்து அந்த ஆளைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

எட்டுப் பேர் இருந்தால் நான்கு நான்காக இரண்டு செட், ஒரு நிமிஷம் ஆடிவிட்டு உட்காருங்கள். இரண்டு நிமிஷம் உள்ளே நிற்பது வீரம் இல்லை, கடைசி முப்பது நொடி நீங்கள் ஓடுவதே இல்லை, எனக்குத் தெரிகிறது. கோடையில் பாதிப் பேர் ஊருக்குப் போய் ஐந்தே பேர் வரும் ராத்திரிகளும் உண்டு, அதற்கு வேறு ஆலோசனை கிடையாது, வாழைப்பழம் கொண்டு வாருங்கள்.

பக் லேசு. பனியில் அடிப்பது 170 கிராம் கெட்டி ரப்பர், இது அதைவிட எடை குறைந்த பிளாஸ்டிக், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நைலான் குமிழ் பதித்திருக்கும், அதன் மேல்தான் சறுக்கும். குமிழ் தேய்ந்த பக் தட்டையாகப் போகாது, விளிம்பில் நின்று உருளும், குதிக்கும். அப்படிப்பட்ட பக்கை ஓங்கி அடிக்காதீர்கள், எங்கே போகும் என்று அடித்தவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

பாதுகாப்புக்கு ஹெல்மெட்டில் முழுக் கம்பிக்கூண்டு போடுங்கள். சிலர் பாதிக் கண்ணாடியோடு ஆடுவார்கள், பார்க்க ஸ்டைலாக இருக்கும், பல் டாக்டர் பில்லும் ஸ்டைலாக இருக்கும். முழங்கால் கவசம், முழங்கை, கையுறை, இடுப்புக்கு ஜட்டி மாதிரி மெத்தை வைத்த கர்டில், உள்ளே கவட்டைக் காக்கும் கப் மறக்கவே கூடாது. மேலே நீளமான ரோலர் பேன்ட், அவ்வளவுதான். எல்லாம் புதிதாக வாங்கினால் ஸ்கேட்டோடு ஆயிரம் டாலரைத் தொடும். ப்ளே இட் அகெய்ன் மாதிரி பழைய சாமான் கடையில் தேடினால் அதில் பாதிகூட ஆகாது, கையுறையும் ஹெல்மெட்டும் மட்டும் புதிதாக வாங்குங்கள். கையுறை ஏன் என்று பழைய கையுறைக்குள் ஒரு தடவை மூக்கை விட்டவர்களுக்குத் தெரியும்.

கீப்பர் ஆக ஆசை இருந்தால் சொல்லுங்கள். எந்த லீக்கிலும் கீப்பர் பஞ்சம், பல இடங்களில் எங்களுக்குக் கட்டணமே கிடையாது. பனியில் முட்டி போட்டால் பக்கவாட்டில் சறுக்கிப் போகலாம், டைலில் பேடு அப்படியே பிடித்துக்கொள்ளும், முட்டியும் இடுப்பும் முறுக்கும். அதற்குத்தான் பேடுக்கு அடியில் வழுக்குகிற உறை மாட்டுகிறோம். கட்டணம் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தி.நகர் தாத்தா:

சென்னையிலிருந்து ஒரு இடைச்செருகல். மணி சின்ன வயதில் ஓட்டிய நாலு சக்கர ஸ்கேட்டில் ஆடுகிற ஹாக்கியும் உண்டு, அது வேறு ஆட்டம், பக் கிடையாது, கெட்டிப் பந்து, ஸ்டிக்கும் குட்டை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் காட்சிப் போட்டியாக வைத்தார்கள், அர்ஜென்டினா ஜெயித்தது. இங்கே ரோலர் ஸ்கேட்டிங் ஃபெடரேஷன் அதையும் நடத்துகிறது, இன்லைன் ஹாக்கியையும் நடத்துகிறது. ஆனால் நம் பிள்ளைகளின் கண் எல்லாம் வேகச் சறுக்கு மேல்தான், 2025-இல் சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவில் உலக சாம்பியன்ஷிப் 1000 மீட்டரில் தங்கம் அடித்த பிறகு கேட்கவே வேண்டாம், என் பேரன் வீட்டு ஹாலிலேயே குனிந்துகொண்டு நடக்கிறான். அமெரிக்காவில் இந்த ஒற்றை வரிசைச் சக்கரத்தைப் பெரிதாக்கியதே ஹாக்கிக்காரர்கள்தான். மின்னசோட்டா ஆல்சன் சகோதரர்கள், 1980 வாக்கில், பனி இல்லாத மாதங்களில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று தொடங்கியது ரோலர்பிளேடு என்ற கம்பெனியாக வளர்ந்தது. ஆக, மணி போவது மூல வீட்டுக்குத்தான்.

செல்வி சக்கரம்:

ஸ்டிக் கேள்விக்கு நான். மணி, காலேஜில் புல்தரை ஹாக்கி ஆடியிருக்கிறீர்கள் இல்லையா, அதில் இடது கை ஸ்டிக்கே கிடையாது. எல்லோருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. அந்தப் பழக்கம்தான் உங்கள் உடம்பில் இருக்கிறது. அதனால் ரைட் ஸ்டிக் வாங்குங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. கடன் வாங்கியது லெஃப்ட், அதில் பிளேடின் வளைவு எதிர்ப்பக்கம் இருக்கும், வசப்படாதது உங்கள் தப்பு இல்லை. புல்தரையில் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் தொட வேண்டும், இங்கே பிளேடின் இரண்டு பக்கமும் செல்லும், பின்பக்கத்தால் பக்கை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வாரம் கூடப் பிடிக்காது. இடுப்பைக் குனிந்து ஆடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், இங்கே முட்டிதான் மடங்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், இல்லையென்றால் எதிரே வருகிறவர் தெரியமாட்டார்.

நீளம், ஸ்கேட் போட்டு நின்றால் தாடை வரை. எல்லா ஸ்டிக்கும் நீளமாகத்தான் வரும், ரம்பத்தால் அறுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அறுங்கள், அறுத்ததை ஒட்ட முடியாது. அறுக்க அறுக்க ஸ்டிக் விறைக்கும், அதனால் ஃப்ளெக்ஸ் என்கிற விறைப்பு எண் 75 அல்லது 85-இல் தொடங்குங்கள். வளைவு பி92 என்று போட்டிருப்பது எங்கும் கிடைக்கும், தொடக்கத்துக்குப் போதும். இருநூறு டாலர் ஸ்டிக் வேண்டாம், டைல் பிளேடின் அடியைத் தின்றுவிடும். டேப்பை அடிப்பக்கம் வரை சுற்றினாலும் ஒரே ஆட்டத்தில் கிழிந்து தொங்கும், நான் பக் படுகிற பக்கங்களுக்கு மட்டும்தான் ஒட்டுகிறேன்.

மெஷின் திங்கள்கிழமை வருகிறது என்றார்களே, செவ்வாய் அல்லது புதன் ராத்திரி டிராப்-இன் போங்கள். ரொம்ப வேகமான ஆட்கள் வரும் நேரம் எது என்று கவுண்டரில் கேட்டு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

அடையாறு மணி:

சரி அக்கா, ரைட் ஸ்டிக், 85, பி92. புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதிவுக் கட்டணத்துக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை, புதன் ராத்திரி பார்த்துவிட்டுக் கட்டுகிறேன். பழைய பக், அந்தப் பக்கம் வருவீர்களா?

பழைய பக்:

வருகிறேன். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு ஜெர்சியும் கொண்டு வாருங்கள், டிராப்-இன்னில் அங்கேயேதான் டீம் பிரிப்பார்கள்.